ஊதிக் காயவைத்த டியூப்

பஸ் டிப்போவில் அவருக்கு ‘ஹாரன்’ என்று பேர். வைத்தது யாரென்று தெரியாது. பொருத்தமான பேர் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் அவர் வண்டியை எடுக்க மாட்டார். எடுக்காமல் சும்மாவும் இருக்க மாட்டார். டிப்போவின் நடுவில் நின்றுகொண்டு, மாடியில் இருக்கும் அதிகாரி இறங்கி வரும்வரை கத்துவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கே போனாலும் சுவரில் இருக்கும் போர்டை முதலில் படித்துவிடுவார். லிப்டில் எத்தனை பேர் ஏறலாம், தியேட்டரில் அவசர வழி எந்தப் பக்கம் என்று ஒன்று விடாமல் படிப்பார். படித்ததோடு விட்டாலும் பரவாயில்லை, அதன்படி நடக்கிறதா என்றும் பார்ப்பார். நடக்காது. அப்புறமென்ன, ஆரம்பம்தான். ஒருமுறை சினிமாவுக்குப் போன இடத்தில் அவசர வழிக் கதவில் பூட்டுத் தொங்குவதைப் பார்த்துவிட்டார். மானேஜர் வந்து பூட்டைத் திறந்த பிறகுதான் போய் உட்கார்ந்தார். அதற்குள் இடைவேளை விட்டுவிட்டார்கள்.

இப்படிப்பட்ட மனுஷனோடு குடித்தனம் நடத்துவதற்கு அவர் மனைவி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். எங்கே போனாலும் அவருக்கு இடப்பக்கம்தான் நிற்பாள். அவர் மூச்சை இழுத்து ஆரம்பிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் இடது சட்டைக்கையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுப்பாள். பாதி நேரம் அவர் அடங்கிவிடுவார். மீதி நேரம் தோள் தையல் விட்டுப்போகும். அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் இடது தோளில் மட்டும் மறுதையல் இருக்கும். இழுத்தவளும் அவள்தான், வீட்டுக்கு வந்து முணுமுணுத்துக்கொண்டே தைத்தவளும் அவள்தான்.

சட்டைக்கை தோற்றுப்போன நாளும் ஒன்று உண்டு. அவரோடு வேலை பார்த்த ஒரு டிரைவர், பிரேக் கோளாறு என்று எத்தனையோ தடவை சொல்லியும் அதே வண்டியைக் கொடுத்து அனுப்பினார்கள். வண்டி ஒரு கடைக்குள் போய் நின்றது. விசாரணை நடந்தது. டிரைவருக்கு வேலை போனது. பிரேக்கைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு டிப்போ வாசலில் ஹாரன் கத்திய கத்தலில், கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி இழுத்த இழுப்புக்குச் சட்டைக்கை முழுசாகக் கையோடு வந்துவிட்டது. டிரைவரின் வேலை போனது போனதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அப்போதுதான் மனைவிக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. குணமாகக் கூடிய வகைதான், மருந்து ஏற்றினால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று பெரிய டாக்டர் சொன்னார். கையில் நரம்பு கிடைக்கவில்லை. குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு டியூபை நுழைத்து, இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ரத்தக்குழாய் வரைக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். வெளியே இரண்டு வால்கள் தொங்கின. இனி மருந்து, ரத்தம், சலைன் எல்லாம் அந்த வழியாகத்தான்.

வார்டுக்குள் போவதற்கு முன்னால் மனைவி அவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“இங்க பாருங்க, இது டிப்போ இல்ல. நீங்க பாட்டுக்குக் கத்திட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. அவங்க கையில கெடக்கப்போறது நான். உங்க மேல இருக்கற கோவத்தை என்கிட்டதான் காட்டுவாங்க. நான் நல்லபடியா வெளிய வர்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.”

“நான் எதுக்கு வாயைத் திறக்கப் போறேன்?”

“இந்தக் கதையெல்லாம் வேணாம். என் மேல கை வெச்சுச் சொல்லுங்க.”

கை வைத்துச் சொன்னார். வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவரை வாயை மூடச் சொல்லியிருக்கிறார்கள். வாக்குக் கொடுத்து அவர் மூடியது இந்த ஒரு முறைதான். மூடக் கூடாத இடம் பார்த்து மூடினார்.

வார்டில் ஒரு போர்டு இருந்தது. படிக்காமல் இருப்பாரா? டியூபை எப்படிக் கையாள வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். கையைக் கழுவு. டியூபின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய். தானாகக் காயும்வரை பொறு. அதற்குப் பிறகு ஊசிக்குழலைப் பொருத்து. மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்திரி ஈரமானாலோ ஓரம் கிளம்பினாலோ மாற்று. படத்தில் இருந்த நர்ஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்ன, அவள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு நோயாளியைத்தான்.

நிஜ வார்டில் இருந்த நர்ஸுக்கு வார்டு முழுக்க நோயாளிகள். சின்னப் பெண். ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்குப் பறந்துகொண்டே இருப்பாள் என்பதால் அவளுக்குச் சிட்டு என்று பேர் வைத்திருந்தார்கள். எல்லாரையும் அம்மா, அப்பா, அண்ணா என்பாள். வலிக்குதாம்மா என்று கேட்பாள். இங்கே சலைன் தீர்ந்து மணி அடிக்கும், அங்கே யாரோ வாந்தி எடுப்பார்கள், வராந்தாவிலிருந்து மேற்பார்வை நர்ஸ், “அங்க என்ன பண்ற? முடிஞ்சுதா இல்லையா?” என்று குரல் கொடுப்பாள். சிட்டு டியூபின் வாயைப் பஞ்சால் துடைப்பாள். துடைத்துவிட்டு, காய்வதற்குப் பொறுமையில்லாமல், முகமூடியைக் கீழே இறக்கி, உதட்டைக் குவித்து இரண்டு ஊது ஊதுவாள். விழுந்து எழுந்த பிள்ளையின் முழங்காலுக்கு மருந்து போட்டுவிட்டு ஊதுவோமே, அதே மாதிரி. பிறகு ஊசிக்குழலைச் சொருகிச் சலைனைத் தள்ளுவாள்.

ஹாரன் அதைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். மூச்சை இழுத்தார்.

மனைவி சட்டைக்கையை இழுத்தாள். சிட்டு அடுத்த படுக்கைக்குப் போன பிறகு கிசுகிசுத்தாள்.

“சும்மா இருங்க. இந்த வார்டுல முகம் கொடுத்துப் பேசறது இந்தப் பொண்ணு ஒருத்திதான். இதையும் விரட்டி விட்டுடாதீங்க.”

“போர்டுல என்ன போட்டிருக்குன்னா...”

“போர்டு எனக்குத் தண்ணி கொடுக்குமா?”

அதற்குமேல் அவர் பேசவில்லை. பிளாஸ்திரியின் ஓரம் வியர்வையில் கிளம்பியபோது அதைப் பிரித்து மாற்றாமல் அதன் மேலேயே இன்னொன்றை ஒட்டினார்கள். அதன் ஓரம் கிளம்பியதும் அதற்கு மேல் இன்னொன்று. அதற்கும் அவர் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். வார்டில் இருந்தவர்கள் அவரைச் சாது என்று நினைத்தார்கள். டிப்போ ஆட்கள் கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு பெயிண்டர் இருந்தார். கட்டடங்களுக்குச் சாயம் அடிப்பவர், நல்ல வாயாடி. வார்டுச் சுவரைப் பார்த்து, “எவன்யா இதை அடிச்சது? ஒரு கோட்டு அடிச்சிட்டு ரெண்டு கோட்டுக்கு வாங்கியிருக்கான்,” என்பார். அவருக்குத் துணையாக அவருடைய அக்கா. பெயிண்டருக்கு முதல் சுற்று மருந்து நன்றாகவே வேலை செய்திருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்ற பேச்சுக்கூட வந்தது. திடீரென்று ஒரு மத்தியானம் டியூபில் சலைன் தள்ளிய கொஞ்ச நேரத்தில் அவருக்கு நடுக்கம் எடுத்தது. சாதாரண நடுக்கமில்லை, கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. போர்வைமேல் போர்வை போட்டார்கள். காய்ச்சல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ரத்த அழுத்தம் விழுந்தது. பெயிண்டர் போய்ச் சேர்ந்தார்.

“இந்த நோய்க்கு இதெல்லாம் சகஜம்மா. எங்களால முடிஞ்சதைப் பண்ணினோம்,” என்றார் பெரிய டாக்டர்.

எவ்வளவு வசதியான வார்த்தை, சகஜம்! நோய் கொன்றதா, நோய்க்கு வைத்தியம் பார்த்த விதம் கொன்றதா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. புற்றுநோய் என்று ஒரு சொல்லைப் போட்டு மூடிவிட்டால் அடியில் என்ன கிடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்த அக்கா தம்பியின் துணிமணிகளைப் பைக்குள் மடித்து வைத்தாள். பிறகு ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னாள். டாக்டருக்குச் சொன்னாள், சிட்டுவுக்குச் சொன்னாள், வார்டைக் கூட்டுகிறவருக்கும் சொன்னாள். ஹாரனுக்கு அந்த நன்றியைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரமே மனைவிக்கு நடுக்கம் வந்தது. பல் கிட்டித்து, உதடு நீலம் பாரித்து, கட்டில் ஆடியது. மருந்துக் காய்ச்சல்தான், இதுவும் சகஜம் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஹாரன் அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் மறுபடியும் நடுக்கம். அவள் ஏதோ சொன்னாள், வார்த்தை புரியவில்லை. கை மட்டும் அவருடைய சட்டைக்கையைத் தேடிக்கொண்டிருந்தது. பிடிக்க அதில் பலம் இல்லை.

பெரிய டாக்டர் தன் பரிவாரத்தோடு வந்தார். எட்டி நின்று பார்த்தார்.

“யாரெல்லாம் வந்து போறாங்க? வெளியில இருந்துதான் கிருமி வருது. கூட்டம் சேர்க்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்றோம், கேட்டாத்தானே!”

கூட்டமா? வந்துபோகிற ஒரே ஆள் ஹாரன்தான். பெற்ற மகள்கூடக் கைக்குழந்தைக்காரி என்பதால் போனில்தான் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். கையைத் தேய்த்துக் கழுவி, முகமூடி போட்டு, சட்டையைத் தனியாகத் துவைத்து மாட்டிக்கொண்டு வருகிற மனுஷனைப் பார்த்து, நீதான் கிருமியைக் கொண்டுவந்தாய் என்கிறார். இத்தனை நாளும் அடைத்து வைத்திருந்தது உடைந்தது.

“எந்தக் கூட்டத்தைச் சொல்றீங்க? காட்டுங்க! எங்க இருக்கு கூட்டம்? போர்டு மாட்டி வெச்சிருக்கீங்களே, அதுல இருக்கறதுல ஒண்ணாவது இங்க நடக்குதா? பிளாஸ்திரி மேல பிளாஸ்திரி ஒட்டி வெச்சிருக்கீங்க, அதுக்கும் நான்தான் காரணமா? நேத்து வரைக்கும் பேசிட்டிருந்தாய்யா இவ! வாயில்லாப் பூச்சியா உக்காந்திருந்தேனே, அதனாலதான் எது வேணாலும் சொல்லலாம்னு நினைச்சிட்டீங்க!”

ஹாரன் அடித்தது கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது. வாசலில் இருந்த காவலாளி ஓடிவந்தார். பெரிய டாக்டர், “ரொம்ப டென்ஷன்ல இருக்கார், விடுங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். பரிவாரமும் நகர்ந்தது. கடைசியில் நின்ற உதவி டாக்டர் மட்டும் நகரவில்லை. தூக்கமில்லாத கண்களோடு இருந்த ஒரு பெண்.

“அப்பா, கொஞ்சம் உக்காருங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்த நடுக்கம் எப்ப வருது? சும்மா இருக்கறப்பவா, இல்ல டியூப்ல ஏதாவது ஏத்தின பிறகா?”

அவர் யோசித்தார். “சலைன் தள்ளின கொஞ்ச நேரத்துல.”

“ரெண்டு நாளும்?”

“ரெண்டு நாளும். பெயிண்டருக்கும் அப்படித்தான் வந்துச்சு.”

அவள் முகம் மாறியது. உடனே டியூபிலிருந்து கொஞ்சம், கையிலிருந்து கொஞ்சம் என்று தனித்தனியாக ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். டியூபுக்குள் கிருமி குடியேறி, சலைனைத் தள்ளும்போதெல்லாம் அதோடு சேர்ந்து ரத்தத்துக்குள் போகிறது என்று சந்தேகம், புற்றுநோய் மருந்தால் எதிர்ப்புச் சக்தி செத்துப்போன உடம்பில் அதைத் தடுக்க ஆளில்லை என்றாள். டியூபை உடனே எடுக்க வேண்டும் என்று போய்ச் சண்டை போட்டு எடுக்கவும் வைத்தாள். கிருமிக்கான மருந்தை ஆரம்பித்து, நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

“இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கணும், அப்பா. பெயிண்டர்கிட்டயும் கேட்டிருக்கணும்,” என்றாள். பிறகு, டியூபை எப்படிக் கையாண்டார்கள், என்ன பார்த்தீர்கள் என்று விசாரித்தாள். அவர் பிளாஸ்திரியைச் சொன்னார். ஊதியதையும் சொன்னார்.

“வாய்க் காத்துல இருக்கற கிருமி, துடைச்ச இடத்துலயே போய் உக்காந்துடும். அதனாலதான் வந்துச்சுன்னு சத்தியம் பண்ண முடியாது. பிளாஸ்திரியா இருக்கலாம், கையா இருக்கலாம். ஆனா எல்லாமே தடுக்கக் கூடியதுதான்.”

தடுக்கக் கூடியது! அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு அவர் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கிடந்தார். பார்த்தேனே, பார்த்துக்கொண்டு வாயில் கொழுக்கட்டை வைத்தாற்போல உட்கார்ந்திருந்தேனே என்று நெஞ்சில் குத்திக்கொண்டார். தியேட்டர் கதவுக்குக் கத்தினவன், லிப்டுக்குக் கத்தினவன், கட்டியவளின் ரத்தத்தில் விஷம் போகும்போது வாயை மூடிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு நினைவு திரும்பிய அன்று காலை நிர்வாகி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குளிர்ச்சியான அறை, வழவழப்பான மேஜை. ஓரமாகச் சிட்டு நின்றுகொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“உங்க புகாரை நாங்க ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டோம்,” என்றார் நிர்வாகி. “விசாரிச்சோம். இந்தப் பொண்ணு விதியை மீறி டியூப்ல வாயால ஊதினது உண்மைதான்னு ஒத்துக்கிட்டா. இன்னையோட வேலையை விட்டு அனுப்பறோம். உங்களுக்குத் திருப்திதானே?”

ஹாரனுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அவர் புகார் கொடுக்கவே இல்லை. டாக்டர் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அது இங்கே வந்து, இந்தப் பெண்ணின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. கடைக்குள் போய் நின்ற பஸ் அவருக்கு நினைவு வந்தது.

“அப்பா, வேணும்னு பண்ணல,” என்றாள் சிட்டு. “ஸ்பிரிட் காயறதுக்குள்ள நாலு இடத்துல கூப்பிடுவாங்க. எனக்கு முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தான் பண்ணினாங்க. அதைப் பார்த்துத்தான் நானும்...”

“நீ சும்மா இரு,” என்றார் நிர்வாகி.

“அவ ஏன் சும்மா இருக்கணும்?” ஹாரனின் குரல் ஏறியது. “ஊதினது இந்தப் பொண்ணுதான். ஊத வெச்சது யாரு? வார்டு பூராவுக்கும் ஒரு பொண்ணை விட்டுட்டு, முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு பின்னால நின்னு கத்தினது யாரு? பொறுத்துக் காய விடுன்னு போர்டுல போட்டீங்களே, பொறுக்கறதுக்கு நேரம் கொடுத்தீங்களா? பெயிண்டர் செத்தாரே, அதை விசாரிச்சீங்களா? அவரோட அக்காவைக் கூப்பிட்டு, இப்படி நடந்துபோச்சும்மான்னு சொன்னீங்களா? அந்த அம்மா உங்களுக்குக் கும்பிடு போட்டுட்டுப் போயிருக்குய்யா! வாங்கி வெச்சுக்கிட்டீங்களே, கூசல?”

நிர்வாகி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

“தண்ணி வேணாம். இவளை அனுப்பிட்டு நாளைக்கு இன்னொரு பொண்ணை நிறுத்துவீங்க. அவளும் ஊதுவா. திருப்தியான்னு கேக்கறீங்க. எனக்குத் திருப்தி இல்ல. இவளை அனுப்பினா வாசல்ல நின்னு ஊரே கேக்கற மாதிரி கத்துவேன். எனக்கு வேற வேலை கிடையாது, நான் ரிட்டயர் ஆனவன்.”

வாசலில் கூட்டம் கூடிவிடுமே என்று நிர்வாகிக்குப் பயம்தான், வேறொன்றுமில்லை. சிட்டுவை அனுப்பவில்லை. ஆனால் அவர்கள் சும்மாவும் இருந்துவிடவில்லை. மனைவியை மறுபடி வார்டுக்கு மாற்றியபோது சுவரில் ஒரு புது போர்டு இருந்தது. முன்னதைவிடப் பெரியது. ‘வாயால் ஊதாதீர்கள்’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். வார்டுக்கு இன்னொரு நர்ஸ் வந்திருக்கிறாளா என்று ஹாரன் சுற்றிப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு ஆளைப் போடுவதைவிட போர்டு போடுவது சுலபம்.

மனைவி பாதியாகியிருந்தாள். புற்றுநோய்க்கான மருந்து இடையில் நின்றுபோனதில் என்ன விளைவு வரும் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார்கள். இந்த முறை புது டியூபை மேல்கையில் வைத்திருந்தார்கள். அதன் வழியாக முதல் மருந்து ஏற்ற சிட்டு வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். முகமூடி இறங்கவில்லை. டியூபின் வாயைப் பஞ்சால் அழுத்தித் தேய்த்தாள். தேய்த்துவிட்டுக் காய்வதற்காக அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கோடியில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். சலைன் மணி அடித்தது. அவள் அசையவில்லை.

“அங்க என்ன பண்ற?” என்று வராந்தாவிலிருந்து மேற்பார்வை நர்ஸின் குரல் வந்தது. “இன்னும் முடியலயா?”

சிட்டு திரும்பிப் பார்த்தாள். ஊசிக்குழலை எடுக்கக் கை போனது.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஹாரன் மூச்சை இழுத்தார். உடனே இடது சட்டைக்கையில் மனைவியின் கை விழுந்தது. வெறும் எலும்பாக இருந்த கை. அவர் வழக்கம்போல நிறுத்திக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

கை இழுக்கவில்லை. அவருடைய முழங்கையில் வைத்து அவரை வராந்தாப் பக்கமாகத் தள்ளியது.

“என்னைப் பார்த்துக்கிட்டு என்ன நிக்கறீங்க?” என்றாள். குரல் எழும்பவே இல்லை. “போய்க் கத்துங்க.”